முகமில்லாத பொம்மையை வரையறது எப்படி: தரையில தொடங்கி தையல் கோடு வரைக்கும்

ஞாயித்துக்கிழமை காலைல எங்க வீட்டு மாடில அஞ்சாறு பேருக்கு பெயின்டிங் சொல்லிக்குடுக்குறேன். அதுல வருஷத்துக்கு ஒருதடவை இந்த எக்ஸர்சைஸ் வரும்: இத்தாலி ஓவியர் ஜார்ஜோ டி கிரிகோ 1914ல இருந்து 1918 வரைக்கும் வரைஞ்சாரே, முட்டை மாதிரி தலை, கண்ணு மூக்கு எதுவும் இல்லாத பொம்மைங்க, பின்னாடி காலி மைதானம், நீளநீளமா நிழல், அந்த மாதிரி ஒரு படத்தை நம்மளே செட் போட்டு வரையறது. பாக்க ரொம்ப ஈஸி, முகமே வரைய வேண்டாம்ல, அப்படின்னுதான் எல்லாரும் உக்காருவாங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு பாத்தா தலை பலூன் மாதிரி மிதக்கும், உடம்பு நிக்க இடம் இல்லாம தவிக்கும்.

காரணம் ஒண்ணுதான், எல்லாரும் பொம்மைல ஆரம்பிக்கிறாங்க. பொம்மை கடைசி. தரை, வெளிச்சம், நிழல், அப்பறம்தான் பொம்மை, அதுக்கும் அப்பறம் தையல் கோடு. இந்த ஆர்டரை மாத்தாதீங்க, மீதி எதை வேணா மாத்திக்கோங்க.

மொத்தமா மூணு உக்காரல் ஆகும், ஒவ்வொண்ணும் மூணு மணி நேரம் வெச்சுக்கோங்க. ஆயில்ல பண்ணா நடுவுல காயறதுக்கு ஒரு வாரம் விடணும், அக்ரிலிக்ல அந்த தொல்லை இல்ல.

1. மூணு படம், மூணு கேள்வி

இந்த மூணு படத்தையும் பெரிய சைஸ்ல எடுத்து வெச்சுக்கோங்க, போன் ஸ்க்ரீன் பத்தாது. சும்மா பாக்காம ஒவ்வொண்ணுகிட்டயும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க.

முதல்ல டி கிரிகோவோட 'கலங்க வைக்கும் கலைதேவதைகள்', 1916-18ல ஃபெராரா ஊர்ல இருந்தப்போ வரைஞ்சது. பின்னாடி தெரியற சிவப்பு கோட்டை அந்த ஊர் கோட்டைதான், எஸ்தென்சே. அதுகிட்ட கேக்க வேண்டியது: இந்த தரையை எந்த உயரத்துல இருந்து பாக்குறோம்? பலகை எல்லாம் நாடக மேடை மாதிரி மேல சாஞ்சு ஏறுது, ஏதோ மாடில இருந்து பாக்குற மாதிரி. ஆனா அதுமேல நிக்குற பொம்மையை நேருக்கு நேர் பாக்குறோம். தரைக்கு ஒரு கண்ணு, பொம்மைக்கு ஒரு கண்ணு. படத்துல ஏதோ சரியில்லன்னு வயித்துல ஒரு மாதிரி இருக்குல்ல, பாதி இதனாலதான்.

ரெண்டாவது 1917ல டி கிரிகோ வரைஞ்ச 'ஹெக்டரும் ஆண்ட்ரோமக்கியும்', கிரேக்க இதிகாசத்துல வர்ற ஜோடி. பலகை, மூலைமட்டம்னு ஒட்டுப்போட்ட ரெண்டு பொம்மைங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்குதுங்க. கட்டிப்பிடிக்க கையே இல்ல, அப்பறம் எப்படி பிரியப்போற புருஷன் பொண்டாட்டின்னு தெரியுது? தலை சாயற கோணத்துல.

மூணாவது இன்னொரு இத்தாலி ஓவியர் கார்லோ கர்ராவோட 'மெட்டாபிசிக்கல் மியூஸ்', அதே 1917, இப்ப மிலான்ல ப்ரேரா மியூசியத்துல இருக்கு. ஒரு கைல டென்னிஸ் ராக்கெட், இன்னொரு கைல பந்து, ஆளு முழுக்க சுண்ணாம்பு வெள்ளை. கேள்வி: இது எதால செஞ்சது? மரமா, துணியா, பிளாஸ்டரா? இதுக்கு உங்க படத்துலயும் பதில் வேணும். "சும்மா பொம்மை"ன்னு ஒரு பொருள் உலகத்துல கிடையாது.

2. என்னென்ன வேணும்

ஓவிய சாமான் கடைல கிடைக்கிற மூட்டு மடங்குற மரப்பொம்மை, 12 இன்ச், அதாவது 30 செ.மீ. அதைவிட சின்னது வாங்காதீங்க, கழுத்து மூட்டு ஒழுங்கா திரும்பாது. வாங்குறப்பவே தலையை சாச்சு பாத்து வாங்குங்க, விட்ட இடத்துல நிக்கணும், தொங்கக்கூடாது. தொங்குச்சுன்னா அந்த ஸ்பிரிங் போயிருச்சு. ஒருதடவை ஒருத்தங்க வீட்டுல இருந்த மரப்பாச்சியை கொண்டுவந்தாங்க, அழகுதான், ஆனா மூட்டு இல்ல, தலை சாயாது, அதுபோக முகம் வேற செதுக்கியிருக்கும். கொலுவுக்குத்தான் சரி.

நாலடிக்கு ரெண்டடி பிளைவுட் பலகை ஒண்ணு, இதுதான் உங்க மைதானம். ஒரே ஒரு கிளிப் லேம்ப். கருப்பு சார்ட் பேப்பர், மாஸ்கிங் டேப், ஒரு மீட்டர் ஸ்கேல், பழைய வேட்டித்துணி, ஃபெவிகால், ஒரு முட்டை. முட்டை எதுக்குன்னு ஒன்பதாவது ஸ்டெப்ல சொல்றேன், அதுக்குள்ள ஆம்லெட் போட்டுடாதீங்க.

கேன்வாஸ் நிமிந்த வாக்குல இருக்கணும், 12க்கு 18 இன்ச் போதும். படுக்கவெச்சா மைதானம் அகலமாயிடும், பொம்மை அதுல தனியா நிக்காது, தொலைஞ்சு போயிடும். நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியத்துல இருக்கிற டி கிரிகோவோட 'தீர்க்கதரிசி' படமும் 89.6 செ.மீ உயரம், 70.1 அகலம்னு நிமிந்துதான் இருக்கு.

3. தரையை ஸ்கேல்ல போடுங்க, கண்ணால இல்ல

கேன்வாஸ்ல பொம்மையே இல்லாம முதல்ல தரையை மட்டும் போடணும். அடிவானக் கோட்டை உயரத்துல வைங்க, படத்தோட உயரத்துல கீழ இருந்து மூணுல ரெண்டு பங்குல. புதுசா வர்றவங்க பழக்கதோஷத்துல நடுவுல போடுவாங்க, அப்ப தரை படுத்துடும், நிழல் விழ இடம் இருக்காது.

அடிவானக் கோட்டுல ஒரு புள்ளி வெச்சு, கேன்வாஸ் கீழ்விளிம்புல ரெண்டு ரெண்டு இன்ச் தள்ளி குறிச்சு, எல்லாத்தையும் அந்த புள்ளிக்கு இழுத்துடுங்க. பலகைத்தரை ரெடி.

இப்பதான் வேணும்னே தப்பு பண்ணப்போறோம். முன்னாடி ஒரு பெட்டி வைக்கப்போறீங்க, அதோட விளிம்புகள் அந்த புள்ளிக்கு போகக்கூடாது, வேற ஒரு புள்ளி வெச்சு அங்க அனுப்புங்க. டி கிரிகோ படங்கள்ல ஒரே மைதானத்துல ஒவ்வொரு கட்டடமும் பெட்டியும் ஒவ்வொரு புள்ளிக்கு ஓடும், ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாது. ஆனா ரெண்டு புள்ளியோட நிறுத்திக்கோங்க. மூணு நாலுன்னு போனா பாக்குறவங்களுக்கு பதட்டம் வராது, இவனுக்கு பெர்ஸ்பெக்டிவ் தெரியாது போலன்னுதான் தோணும். முதல் புள்ளி கறாரா சரியா இருந்தாதான் ரெண்டாவது புள்ளி வேணும்னு பண்ணதுன்னு தெரியும்.

4. லைட், இதுலதான் பாதி நாள் போகும்

ரூமை இருட்டாக்குங்க. ஜன்னல்ல சார்ட் பேப்பர் ஒட்டுங்க, டியூப்லைட்டை அணைங்க. ரெண்டு பக்கத்துல இருந்து வெளிச்சம் வந்தா ரெண்டு நிழல் விழும், ரெண்டும் வெளிறிப்போயிருக்கும், இந்த வகை படத்துக்கு அது விஷம்.

லேம்ப் தாழ்வா இருக்கணும், தூரமாவும் இருக்கணும். தாழ்வா ஏன்னா நிழல் நீளணும். கணக்கு சிம்பிள்: வெளிச்சம் 45 டிகிரில வந்தா 30 செ.மீ பொம்மைக்கு நிழலும் 30 செ.மீதான், 30 டிகிரின்னா 52, 20 டிகிரின்னா 82. நமக்கு வேண்டியது அந்த 82. பொம்மைல இருந்து ஆறடி தள்ளி, பலகை மட்டத்துல இருந்து சுமார் 95 செ.மீ உயரத்துல லேம்பை மாட்டினீங்கன்னா 20 டிகிரி வந்துடும்.

தூரமா ஏன்னா, லேம்ப் கிட்ட இருந்தா ஒவ்வொரு சாமானோட நிழலும் விசிறி மாதிரி விரிஞ்சு ஆளுக்கொரு பக்கம் ஓடும். சூரியன் அப்படி பண்ணாது, நிழல் எல்லாம் ஒரே திசைல ஒழுங்கா போகும். ஆறடி தள்ளினா கிட்டத்தட்ட சூரியன் மாதிரி ஆயிடும். பல்பு சின்னதா இருந்தா நிழல் ஓரம் கத்தி மாதிரி விழும், பால் மாதிரி வெள்ளை கவர் போட்ட பெரிய எல்இடி பல்புன்னா ஓரம் கலங்கிடும். வேற வழி இல்லன்னா போன் டார்ச் நல்லாவே வேலை செய்யும், என்ன, அரை மணி நேரத்துல சூடாகிடும்.

செட் ஆனதும் லேம்ப் ஸ்டாண்டோட கால், பலகையோட நாலு மூலை, பொம்மையோட அடித்தட்டு எல்லாத்தையும் சுத்தி மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க. நான் இதை அனுபவிச்சு கத்துக்கிட்டேன். ஒருதடவை பாதில விட்டுட்டு சாப்பிட போனேன், வந்து பாத்தா அம்மா மேஜையை தொடச்சு வெச்சு பொம்மையை ஷோகேஸ்ல பத்திரமா நிக்கவெச்சிருக்காங்க, "கீழ விழுந்துடும்னு எடுத்து வெச்சேன்டா"ன்னு. அந்த நிழலை அப்பறம் எவ்வளவு முயற்சி பண்ணியும் பிடிக்க முடியல.

5. போஸ்: குறைச்சு சொல்லுங்க

பொம்மை கைல கெடைச்சதும் எல்லாரும் அதை ஓடவைப்பாங்க, ஆடவைப்பாங்க, ஒருத்தர் சிலம்பமே சுத்தவெச்சார். வேண்டாம். மரப்பொம்மையோட தோள் மனுஷத்தோள் மாதிரி மேல ஏறாது, இடுப்பு உருண்டை மேல தனியா சுத்தும், அதனால பெரிய ஆக்ஷன் குடுத்தா நிஜ ஆளை வரையத்தெரியாம வரைஞ்ச மாதிரிதான் வரும்.

நேரா நிக்கவெச்சு, தலையை மட்டும் கொஞ்சம் திருப்புங்க, கொஞ்சம் சாயுங்க, பத்து பதினஞ்சு டிகிரி போதும். முகத்துல எதுவும் இல்லாததால பாக்குறவங்க அந்த சாய்வுல இருந்துதான் துக்கமா யோசனையா தூக்கமான்னு எல்லாத்தையும் எடுத்துக்குவாங்க. ஹெக்டர் படத்துல நடந்தது அதுதான்.

கை தொந்தரவு பண்ணுச்சுன்னா கழட்டிடுங்க. நிஜமா சொல்றேன். 'தீர்க்கதரிசி' படத்துல ஈசல் முன்னாடி இருக்கிற பொம்மைக்கும் கை கிடையாது, அது என்னத்தை வரைஞ்சிருக்கும்னு யோசிச்சாலே ஒரு மாதிரி இருக்கும்.

6. துணி கட்டுறதுன்னா கொசுவம் வைக்கணும்

துணி கட்டாயமில்ல. கட்டுறதா இருந்தா தொங்கவிடக்கூடாது. சின்ன பொம்மைக்கு தடிமனான துணி மடியாது, கூடாரம் மாதிரி நிக்கும். பழைய வேட்டித்துணிதான் நல்லது, அதுவும் நல்லா துவைச்சு துவைச்சு மெலிஞ்சது.

ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு ரெண்டு பங்கு தண்ணி கலந்து துணியை முக்கி, லேசா பிழிஞ்சு, புடவைக்கு வைக்கிற மாதிரி அரை இன்ச் கொசுவம் எடுத்து பொம்மை இடுப்புல சுத்தி, நூலால கட்டி, ராத்திரி முழுக்க காயவிடுங்க. காலைல கல்லு மாதிரி ஆயிருக்கும், மூணு வாரம் ஆனாலும் மடிப்பு அசையாது. கலைதேவதைகள் படத்துல நிக்குற உருவத்தோட கீழ்ப்பாதி கிரேக்கத்தூண் மாதிரி வரிவரியா இருக்குல்ல, அது துணியா தூணான்னு சொல்லமுடியாத அந்த கெட்டித்தனம் இப்படித்தான் நமக்கு வரும்.

பழைய ஓவியருங்களும் ஆள் வரமுடியாத நேரத்துல உடுப்பு மடிப்பு பாக்க ஸ்டுடியோல பொம்மை வெச்சிருந்தாங்க, ஆனா படத்துல பொம்மைன்னு தெரிஞ்சிடக்கூடாதுன்னு மறைச்சாங்க. நீங்க மறைக்காதீங்க. இதுல விறைப்புதான் வேணும்.

7. ஸ்கெட்ச்: பொம்மையை உக்காந்து, நிழலை நின்னு

முதல் ஸ்டெப்ல சொன்ன ரெண்டு கண்ணு விஷயம் இங்கதான் வரும். பொம்மையை வரையறப்போ ஸ்டூல்ல உக்காந்து உங்க கண்ணு பொம்மை நெஞ்சு மட்டத்துல இருக்கணும். உச்சந்தலை தெரியக்கூடாது. நிழலை வரையறப்போ எழுந்து நின்னு, மேல இருந்து பாத்து வரையணும், ஏன்னா நீங்க போட்ட தரை மேல இருந்து பாத்த தரை. உக்காந்த இடத்துல இருந்தே நிழலையும் வரைஞ்சா அது ஒரு மெல்லிசு கோடா நசுங்கிக் கிடக்கும், சாஞ்ச தரைல அது ஒட்டவே ஒட்டாது.

கேன்வாஸ்ல வரையற வரிசை: முதல்ல பொம்மை நிக்குற இடத்துக்கு ஒரு சின்ன நீள்வட்டம், அப்பறம் நிழல், அப்பறம் பொம்மை. நிழலோட அடி அந்த நீள்வட்டத்தை தொட்டே ஆகணும். ஒரு நூல் இடைவெளி விட்டாலும் பொம்மை பறக்கும், நான் பாத்த வரைக்கும் பத்துல ஏழு பேர் படத்துல இதுதான் கோளாறு.

தலை அடிவானத்துக்கு மேல, வானத்துல வரணும். அடிவானக் கோடு சரியா தலை உச்சியை உரசுற மாதிரியோ கழுத்தை வெட்டுற மாதிரியோ வந்தா பொம்மையை மேலயோ கீழயோ நகத்திடுங்க.

முன்னாடி ஒண்ணு ரெண்டு சாமான் போதும், ஒரு பெட்டி, ஒரு பந்து, ஒரு மூலைமட்டம். அழகா இருக்குன்னு குத்துவிளக்கு, கிட்டார், மண்டையோடுன்னு அடுக்கினா அது வேற படம். மண்டையோடு வெச்சா அர்த்தம் நீங்களே சொல்லிட்டீங்க, பெட்டி வெச்சா பாக்குறவங்க தேடுவாங்க.

8. கலர்

யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, ரா அம்பர், வெரிடியன், அல்ட்ராமரைன், காட்மியம் ரெட், வெள்ளை. கருப்பு ட்யூபை பக்கத்து ரூம்ல வெச்சிடுங்க.

வானம் முதல்ல. பச்சை கலந்த நீலம், மேல கனமா, அடிவானத்துகிட்ட வெளிறி. பளீர் நீலம் வேண்டாம், பளீர் நீலம்னா மத்தியானம், மத்தியானத்துல எங்க இருந்து நீளமான நிழல் வரும். அப்பறம் தரை, ஓக்கரும் சியன்னாவும். பெயின்ட் மெலிசா, காஞ்ச மாதிரி, பளபளப்பு இல்லாம இருக்கட்டும்.

நிழலுக்கு தரைக்கலர்ல அல்ட்ராமரைனும் துளி வெரிடியனும் கலந்து, எல்லா நிழலுக்கும் சேத்து ஒரே தடவையா தட்டுல கலந்து வெச்சுக்கோங்க. ஒரே டோன், தட்டையா, ஓரம் கறாரா. பாதில தீந்து மறுபடி கலந்தா அந்த கலர் வரவே வராது, அதுவும் அக்ரிலிக் காஞ்சா இன்னும் ஒரு படி கருத்துடும், அதனால ஓரத்துல ஒரு பொட்டு வெச்சு காயவிட்டு பாத்துட்டு ஆரம்பிங்க.

பொம்மைக்கு முதல் ஸ்டெப் கேள்விக்கு என்ன பதில் சொன்னீங்களோ அதுபடி: மரம்னா ஓக்கரோட சூடு, பிளாஸ்டர்னா வெள்ளைல துளி அம்பர். தோல் நிறம் மட்டும் வேண்டவே வேண்டாம். தோல் நிறத்துல முட்டைத்தலை வரைஞ்சா பொம்மை வராது, ஏதோ விபத்துல மாட்டின ஆள் மாதிரி ஆயிடும், ஒரு அக்கா வரைஞ்சதை பாத்துட்டு அவங்க பையன் அழுதே விட்டான்.

9. தையல் கோடு

எல்லாம் காஞ்சப்பறம் கடைசி வேலை. டி கிரிகோ பொம்மைத்தலைகள்ல துணிப்பொம்மைல பிரிச்சு தைச்ச மாதிரி கோடுகள் போகும். அது அலங்காரம் இல்ல. மூக்கு இல்லாத தலை எந்தப்பக்கம் பாக்குதுன்னு சொல்றது அந்த கோடு மட்டும்தான்.

இப்ப முட்டையை எடுங்க. பேனாவால நெத்தில இருந்து தாடைக்கு ஒரு கோடு, காதுல இருந்து காதுக்கு குறுக்க ஒரு கோடு. கைல வெச்சு மெதுவா திருப்புங்க. உங்க வலதுபக்கம் திருப்புனா நேர்க்கோடு வலதுபக்கமா வளையும். குனிஞ்சா குறுக்குக்கோடு தாடைப்பக்கமா தொங்கும், நிமிந்தா வில்லு மாதிரி மேல வளையும். பொம்மைத்தலையை எந்த கோணத்துல வெச்சிருக்கீங்களோ அதே கோணத்துல முட்டையை ஒரு குக்கர் கேஸ்கெட் மேலயோ பாட்டில் மூடி மேலயோ நிக்கவெச்சு, அதைப் பாத்து வரைங்க. யூகத்துல போடாதீங்க. யூகத்துல போட்டா கோடு நேரா போயிடும், நேரா போனா அந்த தலை முட்டை இல்ல, தட்டு.

கோட்டுக்கு குறுக்க சின்னச்சின்னதா தையல் போடுறதா இருந்தா இதை கவனிங்க: நம்மளைப் பாத்து இருக்கிற நடுவுல தையல் விலகிவிலகி இருக்கும், தலை வளைஞ்சு மறையற ஓரத்துக்கு போகப்போக நெருங்கிடும். ஒரே இடைவெளில போட்டா தலை தட்டையாயிடும், அத்தனை நேரம் போட்ட ஷேடிங் வீண். கோடு அம்பர்ல, சுத்தக் கருப்பு இல்ல, கோட்டுக்கு ஒட்டின மாதிரி வெளிச்சம் படுற ஓரத்துல மட்டும் தலைக்கலரைவிட ஒரு படி வெளுத்த, முடி மாதிரி மெல்லிசா இன்னொரு கோடு. அப்ப கோடு உள்ள பதிஞ்ச மாதிரி தெரியும்.

பொம்மையோட வெளி ஓரத்துக்கும் அம்பர்ல மெல்லிசா ஒரு கோடு ஓட்டலாம், வெளிச்சப்பக்கம் விட்டுவிட்டு, நிழல்பக்கம் முழுசா.

10. ஆயில் கேன்வாஸ் எல்லாம் கட்டுப்படியாகலன்னா

பேப்பர்ல வாட்டர்கலரும் பென்சிலும் போதும். ஜெர்மன்காரர் ஜார்ஜ் க்ரோஸ் 1920ல அப்படித்தான் பண்ணார், 'குடியரசு ஆட்டோமேட்டன்கள்', அதாவது தானா இயங்குற பொம்மைங்க, காலர் போட்ட ரெண்டு உருவம், முகம் வழிச்சுவிட்ட மாதிரி காலி, ஜெர்மன் கொடி, கட்டைக்கால் எல்லாம் இருக்கும். முதல் உலகப்போர் முடிஞ்சு ரெண்டு வருஷம், பெர்லின் தெருவுல கட்டைக்கால் சகஜம். அந்த வழில போனா தரை நிழல் ஸ்டெப் எல்லாம் பாதியா குறையும், ஏன்னா அங்க வேலை செய்றது உடுப்பு. பொம்மைக்கு காலர், டை, தொப்பின்னு ஏதாவது ஒண்ணு நிஜமா தைச்சு மாட்டிட்டு பாத்து வரைங்க, கற்பனைல போட்டா காலர் கழுத்தைச் சுத்தி வராது, கழுத்து மேல ஒட்டவெச்ச ஸ்டிக்கர் மாதிரி இருக்கும்.

11. முடிஞ்சிருச்சான்னு பாக்குறது

படத்தை தலைகீழா திருப்பி சுவத்துல சாச்சு வெச்சு பத்தடி தள்ளி நில்லுங்க. நிழலும் பொம்மையும் ஒரே இடத்துல ஒட்டியிருக்கா, நிழல் எல்லாம் ஒரே திசைல ஓடுதா, அவ்வளவுதான் பாக்கணும். பொம்மை மிதக்குற மாதிரி இருந்தா பொம்மையைத் தொடாதீங்க, பாதத்துக்கு அடில நிழலை ஒரு நூல் அகலம் கருப்பேத்துங்க, பெரும்பாலும் உக்காந்துடும்.

இந்த நேரத்துல கண்டிப்பா ஒருத்தர் வந்து "லேசா ஒரு கண்ணு மட்டும் வெச்சுப் பாக்கலாமே"ன்னு சொல்லுவாங்க, வீட்டுல இருக்கிறவங்களாத்தான் இருக்கும். பிரஷ்ஷை கழுவி வெச்சுடுங்க. வார்னிஷ் அடிக்கிறதா இருந்தா மேட் வார்னிஷ்தான், ஆயில்னா குறைஞ்சது ஆறு மாசம் கழிச்சு, பளபளப்பு வார்னிஷ் அடிச்சா நிழல்ல ரூம் லைட்டும் உங்க மூஞ்சியும் தெரியும்.